கணக்கும் ஓவியமும்: வண்ணம் தீட்டினால் மட்டும் போதுமா?

மகளின் தாய் (தொடக்கப் பதிவு)

என் மகளுக்கு ஒன்பது வயது. காகிதமும் பென்சிலும் கையில் கிடைத்துவிட்டால் பசியைக்கூட மறந்துவிடுவாள். ஆனால் பெருக்கல் வாய்ப்பாட்டை எடுத்தாலே முகம் வாடிவிடுகிறது. ஓவியத்தின் வழியாகக் கணக்கைக் கொண்டுசேர்க்கலாம் என்று பலரும் சொல்லக் கேட்டு, இரண்டு மாதங்களாக "விடைக்கு ஏற்ற வண்ணம் தீட்டுக" என்னும் வகைப் பயிற்சித்தாள்களைக் கொடுத்துப் பார்த்தேன். கிளியின் படம் சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் ஒரு பெருக்கல் இருக்கும். விடை 24 என்றால் பச்சை, 36 என்றால் சிவப்பு. முதல் தாளில் ஒழுங்காகக் கணக்குப் போட்டாள். மூன்றாவது தாளின்போது பக்கத்தில் அமர்ந்து கவனித்தேன். ஒரு பெருக்கலைக்கூட அவள் பார்க்கவில்லை. "இது சிறகு, பச்சைதான் வரும், இது மூக்கு, சிவப்பு" என்று சொல்லிக்கொண்டே தீட்டி முடித்துவிட்டாள். தாளில் ஒரு பிழையும் இல்லை.

அவள் மீது எனக்குக் கோபம் வரவில்லை. கிளியைப் பார்த்தாலே விடை தெரிகிற தாளில் எந்தக் குழந்தை கணக்குப் போடும்? ஆகவே என் கேள்வி இதுதான்: கணக்கைச் சரியாகச் செய்தால்தான் படமே உருவாகும் என்னும்படியான வேலைகள் இருக்கின்றனவா? பத்து வயதுக்குட்பட்ட குழந்தையால் வீட்டிலேயே செய்யக்கூடியவையாக இருந்தால் நல்லது.

எண்வட்டம் (தொடக்க வகுப்புகளில் கணக்கு கற்பிப்பவர்)

உங்கள் மகள் அந்தப் பயிற்சித்தாளின் குறையைச் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறாள். அங்கே கிளி முன்பே முடிவாகிவிட்டது; கணக்கு அதன் வாசலில் காவலுக்கு நிற்கிறது, அவ்வளவே. பக்கத்துச் சந்து வழியாக உள்ளே போக முடியும் என்று தெரிந்த குழந்தை காவலாளியிடம் ஏன் போகப்போகிறது?

நான் வகுப்பில் முதலில் செய்யவைப்பது எண்வட்டம். கவராயத்தால் எட்டு சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரையச் சொல்லுங்கள். பாகைமானியை வைத்து 36 பாகைக்கு ஒரு புள்ளியாகப் பத்துப் புள்ளிகள் குறித்து, 0 முதல் 9 வரை எண்ணிடட்டும். இப்போது மூன்றாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு விடையின் ஒன்றாம் இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு புள்ளியிலிருந்து புள்ளிக்குக் கோடு இழுக்க வேண்டும். 0-இல் தொடங்கினால் 3, 6, 9, அடுத்தது 12 என்பதால் 2, பிறகு 5, 8, 21-க்கு 1, பிறகு 4, 7, 30-க்கு மீண்டும் 0. பத்துப் புள்ளிகளையும் தொட்டுவிட்டுத் தொடங்கிய இடத்திற்கே கோடு வந்துசேரும். பத்து முனைகளுள்ள விண்மீன் தாளில் இருக்கும். நான்காம் வாய்ப்பாட்டில் 4, 8, 2, 6, 0 என்று ஐந்து முனை விண்மீன் கிடைக்கும். இரண்டாம் வாய்ப்பாட்டுக்கு ஐங்கோணம். ஐந்தாம் வாய்ப்பாட்டுக்கு 0-க்கும் 5-க்கும் இடையே ஒரே கோடு.

என்ன படம் வரும் என்று குழந்தைக்கு முன்கூட்டித் தெரியாது. ஆகவே ஊகித்துத் தப்ப வழியில்லை. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஒரு பெருக்கலில் தவறினால் கோடு கோணலாக ஓடி விண்மீனைக் கெடுத்துவிடும். "தவறு" என்று நானோ நீங்களோ சொல்ல வேண்டிய தேவையே இருக்காது. ஒன்று முதல் ஒன்பது வரை எல்லா வாய்ப்பாட்டையும் வரைந்து சுவரில் ஒட்டட்டும். எவை ஒன்றுபோல் இருக்கின்றன என்று அவளாகவே கேட்கும்வரை நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம்.

தூரிகை (ஓவிய ஆசிரியை)

நண்பர் எண்வட்டம் சொல்வதில் கணக்கு இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓவியம் எங்கே இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. முப்பது குழந்தைகள் செய்தாலும் முப்பதும் ஒரே விண்மீனாகத்தான் இருக்கும். குழந்தை எதையும் தேர்ந்தெடுக்கவில்லை; அளவுகோல் போன வழியில் கை போயிருக்கிறது. கசப்பு மருந்தின் மேல் தடவிய தேனாக ஓவியத்தைப் பயன்படுத்துவது இரண்டு துறைகளுக்கும் பெருமை சேர்க்காது. தேன் தீர்ந்ததும் குழந்தை மருந்தைத் துப்பிவிடும்.

இரண்டும் உண்மையாகவே ஒன்றுகூடிய இடத்தைப் பார்க்க விரும்பினால் எஷரைப் பாருங்கள். நெதர்லாந்து நாட்டு ஓவியரான அவர் பள்ளிக் கணக்கில் தேர்ந்தவரல்லர். ஸ்பெயினின் கிரனாடாவிலுள்ள அல்ஹம்ப்ரா அரண்மனையை 1922-இல் ஒருமுறையும் 1936-இல் மறுமுறையும் கண்டு, இரண்டாம் முறை தம் மனைவியுடன் நாள்கணக்கில் அமர்ந்து அங்குள்ள சுவர் ஓடுகளின் வடிவங்களைப் படியெடுத்தார். மறு ஆண்டு, நிலவியலாளரான அவருடைய அண்ணன் அவரைப் படிகவியல் கட்டுரைகளின் பக்கம் திருப்பிவிட்டார். ஒரு தளத்தில் திரும்பத் திரும்ப வரும் கோலங்களைச் சமச்சீர் அடிப்படையில் 17 வகைகளாகப் பிரிக்கும், கணிதவியலாளர் போல்யாவின் 1924-ஆம் ஆண்டுக் கட்டுரையை அவர் அப்படித்தான் கண்டார். சூத்திரங்கள் அவருக்குப் புரியவில்லை. அதிலிருந்த படங்களைக் கையால் வரைந்து வரைந்து, கட்டுரையின் சாரத்தைத் தம் வழியில் பிடித்துக்கொண்டார்.

என் வகுப்பில் அதன் எளிய வடிவத்தைச் செய்கிறோம். தடித்த அட்டையில் எட்டு சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரம் ஒன்றை வெட்டச் சொல்வேன். இடப்பக்கத்திலிருந்து விருப்பம்போல் ஒரு வளைவுத் துண்டை வெட்டி, அதைத் திருப்பாமல், புரட்டாமல், அப்படியே நகர்த்திக்கொண்டுபோய் வலப்பக்கத்தில் ஒட்டுநாடாவால் ஒட்ட வேண்டும். மேற்பக்கத்திலிருந்து கீழ்ப்பக்கத்திற்கும் அப்படியே. கிடைக்கும் வடிவத்தைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து, பிறகு நகர்த்தி நகர்த்தி வரைந்தால் ஓர் இம்மி இடைவெளியும் இல்லாமல் தாள் முழுதும் நிறைந்துவிடும். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்த விசித்திர வடிவத்தைக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, அது என்ன என்று குழந்தை முடிவு செய்ய வேண்டும். ஒருத்திக்கு அது தலைகுனிந்த யானை. அதே வடிவத்தைத் தலைகீழாகப் பிடித்த அடுத்தவனுக்குத் தொப்பி வைத்த கிழவர். கணக்கு எல்லையை வகுத்துத் தருகிறது. அதற்குள்ளே யார் குடியிருக்கிறார் என்பதைக் கண் தேடிக் கண்டுபிடிக்கிறது. சதுரத்தின் பரப்பு 64 சதுர சென்டிமீட்டர் என்றால் யானையின் பரப்பும் 64-தான் என்று சொல்லும்போது குழந்தைகள் முதலில் நம்ப மறுப்பார்கள். வெட்டியதில் எதையும் வெளியே எறியவில்லை என்பது உறைத்தவுடன் அவர்கள் முகத்தில் வரும் மாற்றத்தைப் பார்ப்பதற்காகவே ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பாடத்தை எடுக்கிறேன்.

பெற்றோருக்கு ஒரு குறிப்பு: துண்டை நகர்த்தும்போது பெரும்பாலான குழந்தைகள் அதைப் புரட்டி ஒட்டிவிடுவார்கள். தடுக்காதீர்கள். நான்காவது வடிவத்தை வரையும்போது இடைவெளி தானாகத் தெரியும். நகர்த்தலும் பிரதிபலிப்பும் வேறுவேறு என்பதை அந்த இடைவெளி கற்பிப்பதுபோல் நான் கற்பித்ததில்லை.

மகளின் தாய்

இருவருக்கும் நன்றி. எண்வட்டத்தை நேற்று மாலை முயன்று பார்த்தோம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மூன்றாம் வாய்ப்பாட்டு விண்மீன் சிக்கலின்றி வந்தது. நான்காம் வாய்ப்பாட்டில் ஒரு சுற்று முடிந்து கோடு அதே வழியில் இரண்டாம் முறை போய்க்கொண்டிருந்தபோது, 4 × 7 = 27 என்று சொல்லிவிட்டு 4-ஆம் புள்ளியிலிருந்து 7-ஆம் புள்ளிக்குக் கோடு இழுத்துவிட்டாள். பென்சிலை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு தாளையே பார்த்தாள். "அம்மா, இந்தக் கோடு வேற வீட்டுக்குப் போயிடுச்சு" என்றாள். நான் வாய் திறக்கவில்லை. விரல்விட்டு நாலு நாலாகக் கூட்டி 28 என்று கண்டுபிடித்து, அழிப்பானை எடுத்து அந்தக் கோட்டை அழித்தாள். கணக்கில் பிழை கண்டு அவள் அழாமல் இருந்ததை இந்த ஓராண்டில் நேற்றுதான் பார்த்தேன்.

ஏழாம் வாய்ப்பாட்டை முடித்ததும் மூன்றாம் வாய்ப்பாட்டின் தாளை அதன் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றே, ஆனால் கை போன திசை மட்டும் எதிர். நான்கும் ஆறும், இரண்டும் எட்டும் இப்படியே இணைசேர்வதை அவளே எழுதி வைத்திருக்கிறாள். ஒவ்வோர் இணையையும் கூட்டினால் பத்து வரும் என்பதை அவள் இன்னும் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தூரிகை அம்மா, எல்லா விண்மீனும் ஒன்றே என்ற உங்கள் வருத்தத்திற்கு அவளே ஒரு விடை வைத்திருக்கிறாள். மூன்றாம் வாய்ப்பாட்டு விண்மீனின் உள்ளே உண்டாகும் சின்னஞ்சிறு முக்கோணங்களுக்கும் நாற்கரங்களுக்கும், நடுவிலிருந்து விளிம்புக்கு அடர்ந்துகொண்டே போகும்படி நீலம் தீட்டியிருக்கிறாள். அது அவளுடைய முடிவுதான்.

நேர்கோடு

மகிழ்ச்சியான இடத்தில் ஒரு கசப்பான கருத்தைச் சொல்வதற்கு மன்னிக்கவும். மேல்வகுப்புகளுக்குக் கணக்கு கற்பிக்கிறேன். "செய்து கற்றல்" என்ற பெயரில் வருகிற வேலைகளில் பலவும், இரண்டு மணி நேரம் வெட்டி ஒட்டிப் பத்து நிமிடம் கணக்கு பார்ப்பதாகவே முடிகின்றன. ஒரு குழந்தை எதைப் பற்றி யோசிக்கிறதோ அதுதான் அதன் நினைவில் தங்கும். பசை காயவில்லையே என்று இரண்டு மணி நேரம் யோசித்த குழந்தைக்குப் பசைதான் தங்கும். அட்டையில் கனசதுரம் செய்து கொண்டுவந்த மாணவர்களிடம் அதற்கு எத்தனை விளிம்புகள் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். செய்தவர்களே எண்ணத் தொடங்கினார்கள்.

வாய்ப்பாடு நாவில் ஏறுவதற்குத் திரும்பத் திரும்பச் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை என்றும் கருதுகிறேன். எண்வட்டத்தில் ஒன்றாம் இலக்கம் மட்டுமே பயன்படுகிறது. 28 என்றாலும் 38 என்றாலும் கோடு ஒரே புள்ளிக்குத்தான் போகும். பத்தாம் இலக்கத்தில் செய்யும் பிழையை அந்தப் படம் காட்டிக்கொடுக்காது.

எண்வட்டம்

பத்தாம் இலக்கம் பற்றி நண்பர் நேர்கோடு சொல்வது முற்றிலும் சரி. அதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். எண்வட்டம் வாய்ப்பாட்டுப் பயிற்சிக்கு மாற்றாகாது. தினம் ஐந்து நிமிடம் வாய்விட்டுச் சொல்வதை நானும் நிறுத்துவதில்லை. வாய்ப்பாடு என்பது மனப்பாடப் பட்டியல் மட்டுமன்று, அதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று குழந்தை ஒருமுறையேனும் கண்ணால் காண வேண்டும் என்பதே என் நோக்கம். ஒழுங்கு இருக்கிறது என்று தெரிந்த குழந்தை, விடை மறந்துபோனால் கலங்காமல் தேடுகிறது.

பசை பற்றிய எச்சரிக்கையையும் ஏற்கிறேன். அதற்கு நான் கண்ட வழி, வெட்டும் வேலையைக் குறைப்பதும், வேலைக்கு நடுவே ஒரு முறையாவது குழந்தையை முன்கூட்டிச் சொல்லவைப்பதும்தான். சமபக்க முக்கோணம், சதுரம், ஒழுங்கு ஐங்கோணம், அறுகோணம் ஆகிய நான்கையும் பத்துப் பத்தாக நானே வெட்டிக் கொடுத்துவிடுவேன். எவை இடைவெளியின்றித் தரையை நிரப்பும் என்று முதலில் எழுதிக் கையொப்பமிடச் சொல்வேன். ஐங்கோணம் நிரப்பும் என்றுதான் பெரும்பாலும் எழுதுவார்கள். பிறகு அடுக்கிப் பார்த்தால், மூன்று ஐங்கோணங்களை ஓர் உச்சியில் சேர்த்ததும் மெலிதான ஒரு பிளவு மிஞ்சும். நான்காவது அதில் நுழையாது. பாகைமானியை எடுக்கும் நேரம் அதுதான். ஒரு கோணம் 108 பாகை, மூன்றுக்கு 324, முழுச்சுற்றுக்கு இன்னும் 36 வேண்டும். அந்தப் பிளவை அளந்தால் 36 இருக்கும். தாம் கையொப்பமிட்ட ஊகம் பொய்த்ததற்குக் காரணம் தேடுகிற நேரத்தில் யாரும் பசையைப் பற்றி யோசிப்பதில்லை.

ஒழுங்கற்ற ஐங்கோணங்களின் கதை இதைவிடச் சுவையானது. 1975-இல் கணக்குப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் ஓர் அறிவியல் இதழில் அவற்றைப் பற்றி எழுதியதைப் படித்த மார்ஜரி ரைஸ் என்னும் இல்லத்தரசி, பள்ளிப் படிப்போடு நின்ற கணக்கறிவை வைத்துக்கொண்டு, தமக்கென ஒரு குறியீட்டு முறையை வகுத்து, தளத்தை நிரப்பும் குவிந்த (எந்த மூலையும் உள்நோக்கி மடங்காத) ஐங்கோணங்களில் நான்கு புதிய வகைகளைக் கண்டுபிடித்தார். அத்தகைய குவிந்த ஐங்கோணங்களில் மொத்தம் 15 வகைகள்தாம் உண்டு என்பதற்கான நிறுவலை மிக்கேல் ராவ் 2017-இல் கணினியின் துணையோடு வெளியிட்டார். ஒருபோதும் திரும்பத் திரும்ப வராத அமைப்பில் மட்டுமே தளத்தை நிரப்பும் ஒற்றை ஓடு ஒன்றை, 2023-இல் உலகுக்குத் தெரியவந்த "தொப்பி" வடிவத்தை, முதலில் கண்டவரும் அட்டையை வெட்டி அடுக்கி மகிழ்ந்த பொழுதுபோக்கு ஆர்வலர்தாம். அட்டையும் கத்தரிக்கோலும் குழந்தை விளையாட்டோடு முடிந்துவிடுபவை அல்ல.

சின்னவன் அப்பா

என் மகனுக்கு ஐந்து வயதுதான். பாகைமானியெல்லாம் எட்டாத தொலைவு. இந்த வயதுக்கு ஏதாவது உண்டா?

தூரிகை

காகிதப் பின்னல். ஒரு தாளில் நெடுக்காக வெட்டுகள் போட்டுக் கொடுத்து, வேறு நிறப் பட்டைகளை மேலே, கீழே, மேலே, கீழே என்று கோக்கச் சொல்லுங்கள். அடுத்த வரிசையைக் கீழே என்று தொடங்க வேண்டும். அதையும் மேலே என்றே தொடங்கினால் கட்டம் கட்டமாக வராது, பட்டைகளும் நழுவும். ஒற்றை, இரட்டை என்னும் சொற்கள் தெரியாமலேயே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விரல்களுக்குத் தெரிந்துவிடும். பழகியபின் இரண்டு மேலே, ஒன்று கீழே என்று மாற்றிப் பார்க்கலாம். ஜெர்மனியில் 1837-இல் சிறு குழந்தைகளுக்கான கல்விப் பணியைத் தொடங்கி, அதற்குக் கிண்டர்கார்டன் என்று பின்னர் பெயரும் சூட்டிய ஃபுரோபெல், மரக்கட்டைகளோடு காகித மடிப்பையும் பின்னலையும் பாடமாகவே வைத்திருந்தார். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட், சிறுவயதில் விளையாடிய அந்த மரக்கட்டைகள் தம் விரல்களிலேயே தங்கிவிட்டதாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

கோணம்

பொன் விகிதத்தை யாரும் சொல்லவில்லையே. கிரேக்கர்களின் பார்த்தினான் கோயில், நத்தை ஓடு, மனித முகம் எல்லாவற்றிலும் 1.618 இருப்பதைக் காட்டினால் குழந்தைகள் வியந்துபோவார்கள்.

நேர்கோடு

வியப்பதற்காக உண்மையல்லாததைச் சொல்லிவிடக் கூடாது. பார்த்தினானைக் கட்டியவர்கள் அந்த விகிதத்தைக் கருதினார்கள் என்பதற்கு அக்காலச் சான்று எதுவும் இல்லை. எங்கிருந்து எங்கே அளப்பது என்பதை நாமே தேர்ந்தெடுத்தால் விரும்பிய விகிதத்தை எந்தக் கட்டடத்திலும் வரவழைக்கலாம். நாட்டிலஸ் என்னும் கடல் உயிரியின் ஓட்டிலுள்ள சுருள், சுற்றுக்குச் சுற்று ஒரே விகிதத்தில் விரியும் மடக்கைச் சுருள்தான். ஆனால் பொதுவாக அது பொன் விகிதச் சுருள் அன்று.

உண்மையிலேயே அந்த எண் இருக்கும் இடத்தைக் காட்டுங்கள். மகளின் தாய் வீட்டுச் சுவரில் நான்காம் வாய்ப்பாட்டு விண்மீன் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது. அதன் ஐந்து முனைகளையும் வெளிப்பக்கமாக இணைத்தால் ஒழுங்கு ஐங்கோணம் வரும். விண்மீனின் ஒரு கோட்டை முனையிலிருந்து முனைவரை அளந்து, ஐங்கோணத்தின் ஒரு பக்க நீளத்தால் வகுக்கட்டும். எட்டு சென்டிமீட்டர் ஆரம் என்றால் ஏறத்தாழ 15.2-ஐ 9.4-ஆல் வகுக்க வேண்டியிருக்கும், விடை 1.6-ஐ ஒட்டி வரும். பெரிய வட்டம் போட்டால் இன்னும் நெருங்கும். குழந்தை தன் கையால் அளந்த எண்ணுக்கு நிகர் எதுவும் இல்லை. (இந்த ஒன்றில் நான் உங்கள் கட்சிக்கு வந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

விரல்நுனி

பார்வைக் குறைபாடுள்ள குழந்தைகளுடன் பணியாற்றுகிறேன். இங்கே சொல்லப்பட்டவை எல்லாம் கண்ணை நம்பியவை என்பதால் நூல் வேலையைப் பற்றி எழுதத் தோன்றியது.

தடித்த அட்டையில் ஒரு செங்கோணத்தின் இரண்டு கைகளிலும், மூலையிலிருந்து தொடங்கிச் சம இடைவெளியில் பத்துப் பத்துத் துளைகள். இரண்டு கைகளிலும் 1 முதல் 10 வரை எண்கள். கூட்டினால் 11 வரும்படி இணைக்க வேண்டும்: 1-உடன் 10, 2-உடன் 9, 3-உடன் 8. ஊசியில் நூல் கோத்து இழுத்து முடித்தால், நேர்நூல்கள் மட்டுமே இருக்கும் இடத்தில் ஒரு வளைவு எழுந்து நிற்கும். அது பரவளையம், வட்டத்தின் பகுதி அன்று. நூல் தைத்து வளைவு காட்டும் இம்முறையை 19-ஆம் நூற்றாண்டில் குழந்தைகளுக்காக முன்வைத்தவர் மேரி எவரெஸ்ட் பூல் அம்மையார்.

என் மாணவி ஒருத்தி துளைகளை விரலால் எண்ணி எண்ணியே தைத்தாள். முடிந்ததும் ஒவ்வொரு நூலையும் தனித்தனியாகத் தடவிப் பார்த்து, "இது நேர், இதுவும் நேர்" என்று பத்தையும் உறுதிசெய்துகொண்டாள். பிறகு உள்ளங்கையை எல்லா நூல்களின் மீதும் ஒருசேர வைத்து ஓரத்தை வருடினாள். கை நின்றுவிட்டது. "வளையுது. ஆனா வளைஞ்ச நூல் ஒண்ணுகூட இல்லையே" என்றாள். அதன்பின் கூட்டுத்தொகை 11-க்குப் பதில் 9 என்றால் என்ன ஆகும் என்று அவளே கேட்டு, அடுத்த அட்டையைத் தொடங்கிவிட்டாள். அது கலையா கணக்கா என்று நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

மகளின் தாய்

பத்து நாள்கள் கழித்து எழுதுகிறேன். சுவரில் இடம் போதவில்லை. பத்துப் புள்ளிகள் சலித்துப்போய், கடிகாரத்தைப் பார்த்துப் பன்னிரண்டு புள்ளிகளுக்கு மாறிவிட்டாள். இப்போது வாய்ப்பாட்டுக்குப் பதில், இத்தனை புள்ளி தாண்டுவது என்று ஒரு விதி வைத்துக்கொள்கிறாள். நான்கு தாண்டினால் முக்கோணம், மூன்று தாண்டினால் சதுரம், இரண்டு தாண்டினால் அறுகோணம். ஐந்து தாண்டினாலோ எல்லாப் புள்ளிகளையும் தொட்டுப் பன்னிரண்டு முனை விண்மீன். அதன் அடர்த்தி பிடித்துப்போய் அதை மட்டும் நான்கு நிறங்களில் நான்கு முறை வரைந்தாள்.

நேற்று பதினொரு புள்ளிகள் வைத்தாள். எத்தனை தாண்டினாலும் எல்லாப் புள்ளிகளையும் தொட்டுவிட்டே கோடு திரும்பி வருகிறது. முக்கோணமும் இல்லை, சதுரமும் இல்லை. "பதினொண்ணு மட்டும் ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்குது?" என்று கேட்கிறாள். பகா எண் என்னும் சொல்லை அவள் இன்னும் கேட்டதில்லை. இப்போதே சொல்லிவிடலாமா?

எண்வட்டம்

இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். 13 புள்ளிகளும் அதன் பிறகு 15 புள்ளிகளும் வைக்கச் சொல்லுங்கள். 13-உம் பிடிவாதம் பிடிக்கும், 15 பிடிக்காது. பிடிவாத எண்களுக்கு ஒரு பட்டியலை அவளே போடட்டும். அந்தப் பட்டியலில் அவள் வைத்த பெயர் எதுவாக இருந்தாலும், அதற்குப் பக்கத்தில் "பகா எண்" என்று நீங்கள் எழுதிக் கொடுங்கள்.